இலையில்லாத மருக்காரைக் கிளை

"அந்தக் கையை எடுங்க."

குரல் வருவதற்குள் முள் ஏறிவிட்டது. ஆத்மநாதன் விரலை வாயில் வைத்துக்கொண்டு திரும்பினான். பத்தடி தள்ளி, ஆறேழு ஆடுகளோடு ஒரு பெண் நின்றிருந்தாள். கோடை மழை அப்போதுதான் விட்டிருந்தது. அவள் இமையில் இன்னும் ஒரு துளி... விழலாமா வேண்டாமா என்று நின்றது.

"சொல்லி முடிக்கிறதுக்குள்ள குத்திக்கிட்டீங்களே. அம்புட்டு அவசரமா?"

"முள்ளு இருக்கும்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சேதான் கைய விட்டீங்களா... அப்பச் சரி."

அது 1937, வைகாசி மாதம். அரிமளத்துக்குத் தெற்கே, கள்ளிவயல் கண்மாயை ஒட்டிய மேட்டுக்காடு. ஆத்மநாதன் திருச்சியில் தாவர சாஸ்திரம் படித்தவன். சமஸ்தானத்தில் முளைக்கும் செடிகொடிகளைக் காகிதத்தில் வைத்து அழுத்திக் காயவைத்துப் பெயர் எழுதித் தர வேண்டும். அதற்குச் சம்பளம். இரண்டு வருஷமாக அவன் செடிகளோடுதான் பேசினான். அவை திருப்பி எதுவும் கேட்பதில்லை.

இவள் கேட்டாள். தரையில் விரித்திருந்த காகிதங்களைக் குனிந்து பார்த்தாள்.

"வெள்ளப் பூவத் தனியா, மஞ்சப் பூவத் தனியா வச்சிருக்கீங்களே. ஏன்?"

"ரெண்டும் வேற வேற ஜாதி."

அவள் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கியது கண்ணில் தெரிந்தது. அது இன்னும் மோசம்.

"ரெண்டும் மருக்காரைதான். வெள்ள, இன்னைக்கிப் பூத்தது. மஞ்ச, முந்தி பூத்தது. ஒரே பூவு."

அவனுக்குக் காது சூடாகிவிட்டது. பட்டம் வாங்கியவனுக்கு ஆடு மேய்க்கிறவள் பாடம் சொல்வதா? பையிலிருந்து சிவப்பு நூலை எடுத்து, அன்று விரிந்த வெள்ளைப் பூ ஒன்றின் காம்பில் கட்டினான். "நாளைக்குப் பாக்கலாம்."

"பாருங்க, பாருங்க," என்று அவள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை நூல் கட்டிய பூ வெள்ளையாகவே இருந்தது. பால் வெள்ளை. அவன் நோட்டை எடுத்து 'நிறம் மாறவில்லை' என்று எழுதினான். எழுதி முடித்ததும் புதருக்குப் பின்னாலிருந்து சிரிப்பு வந்தது. இந்த முறை அடக்கப்படாத சிரிப்பு.

"எழுதியாச்சா? அடிச்சுருங்க. நூல நாந்தான் மாத்திக் கட்டுனேன். நேத்து நீங்க கட்டுனது அந்தா... மஞ்சளாக் கெடக்கு."

"எதுக்கு மாத்துனே?"

"செடி வாத்தியாரு என்ன எழுதுறாருன்னு பாக்கத்தான்."

அவன் அடித்தான். அடித்துவிட்டுச் சிரித்தான். யாரோ பக்கத்தில் சிரிப்பது போல இருந்தது அந்தச் சத்தம்.

அவள் பெயர் மூக்காயி. "எனக்கு முன்னால மூணு செத்துப்போச்சு. நானாவது தங்கணும்னு மூக்கக் குத்தி இந்தப் பேரு வச்சாங்க. தங்கிட்டேன். பேரு வச்சவங்கதான் தங்கல." இப்போது அவளுக்கு அண்ணன் நல்லதம்பி மட்டும்.

"ஒங்களுக்கு யாரு சோறாக்குறா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"நானேதான்."

"வீட்டுல?"

"செத்துட்டா. ரெண்டு வருஷம் ஆச்சு."

காகிதத்தில் ஒட்டிய பெயர்ச்சீட்டைப் படிப்பது போலச் சொன்னான். மறுநாள் அவள் ஒரு தூக்குவாளியில் கம்பங்கூழும் சுட்ட மிளகாயும் கொண்டுவந்து வைத்தாள்.

ஆடி போயிற்று, ஐப்பசி போயிற்று. வாரம் ஒருமுறை பஸ் பிடித்து வந்தான். மருக்காரையைப் பற்றி எழுத இனி ஒன்றுமில்லை. ஆனாலும் வந்தான். அவளும் ஆடுகளை வேறு பக்கம் ஓட்டவில்லை.

மாசியில் செடி மொட்டையாக நின்றது. ஓர் இலை இல்லை. சின்னக் கொய்யா போன்ற மஞ்சள் காய்கள் மட்டும் தொங்கின. சுற்றிலும் இருந்த மற்றப் புதர்களும் அப்படித்தான். எல்லாம் ஒரே சாம்பல் குச்சிகள்.

"கண்ண மூடுங்க," என்றாள்.

மூடினான். ஒரு கிளையை அவன் கையில் வைத்து, அவன் சுட்டுவிரலைப் பிடித்து அதன்மேல் நகர்த்தினாள்.

"இந்தா, ஒரு முள்ளு. எதுத்தாப்புல இன்னொண்ணு. சோடியாத்தான் இருக்கும். பக்கத்துல குட்டையா ஒரு முண்டு தட்டுப்படுதா? எலையெல்லாம் அந்த முண்டுலதான் கொத்தா வரும், பூவும் அதுலதான். எல உதுந்தாலும் முண்டு போகாது."

"தட்டுப்படுது..."

"பூவப் பாத்துப் பேரு சொல்ல யாராலயும் முடியும், வாத்தியாரே."

கிளையில் நகர இன்னும் இடம் இருந்தது. அவள் விரல் நகரவில்லை. அவனுக்குக் கண்ணைத் திறக்க மனமில்லை.

"காயால என்ன உபயோகம்?" என்று கேட்டான். ஏதாவது கேட்க வேண்டியிருந்தது.

"துணி வெளுக்கலாம். நசுக்கித் தண்ணியில போட்டா மீனு மயங்கி மெதக்கும். நெறையப் போட்டாச் செத்துரும்."

"ஒங்க அண்ணன்கிட்ட வந்து கேக்கட்டுமா?"

"காயையா?"

"ஒன்னைய."

அவள் விரலை எடுத்துக்கொண்டாள். "அடுத்த வாரம் வாங்க," என்றது குரல். கண்ணைத் திறந்தபோது ஆடுகளின் பின்னால் பாதி தூரம் போய்விட்டிருந்தாள்.

அடுத்த வாரம் வந்தபோது கண்மாய் நாறியது.

கோடையில் தண்ணீர் வற்றியதும் ஊரே இறங்கி மீன் பிடிப்பது வழக்கம். அந்த வருஷம் மீன் பிடிக்கும் உரிமையைக் கண்ணுசாமி என்ற வெளியூர்க்காரர் குத்தகைக்கு எடுத்து, ஊராரை இறங்கவிடாமல் காவல் போட்டிருந்தார். இப்போது கெண்டையும் விராலும் வயிற்றைக் காட்டிக்கொண்டு கரை நெடுக மிதந்தன. கரைமேல் நாற்காலி போட்டுத் தாசில்தார் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் நல்லதம்பி கையைக் கட்டி நின்றான். அவன் வண்டியிலிருந்து எடுத்த சாக்கில் ஏதோ நசுங்கிய சக்கை ஒட்டியிருந்தது. கூடவே, சக்கை எந்தக் காய் என்று காட்டிக்கொடுக்கக்கூடிய ஓர் ஒடிந்த கிளை.

"வேலிக்கு வெட்டுன முள்ளுங்க. சாக்குல இருக்கது ஆட்டுக்கு நசுக்குன கருவக்காய்," என்றான் நல்லதம்பி.

தாசில்தார் கிளையை ஒவ்வொருவரிடமும் காட்டினார். பிறந்ததிலிருந்து அந்தச் செடிகளுக்கு நடுவே நடந்தவர்கள், இப்படி ஒரு செடியைப் பார்த்ததே இல்லை என்றார்கள். ஒரு கிழவர் கிளையை முகர்ந்தே பார்த்துவிட்டு, "வெளியூருச் செடியா இருக்கும்ங்க," என்றார். கண்ணுசாமி பல்லைக் கடித்தார்.

பிறகு எல்லோரும் ஆத்மநாதனைப் பார்த்தார்கள். செடிப் பெட்டியும் கையுமாக நின்ற சமஸ்தானத்து ஆள்.

"நீங்க படிச்சவர். இதுல இலையும் இல்ல, பூவும் இல்ல," என்றார் தாசில்தார். "எதுன்னு நிச்சயமாச் சொல்ல முடியாதுன்னாலும் சொல்லிடுங்க. அப்படியே எழுதிக்கிறேன்."

கதவைத் திறந்தே வைத்திருந்தார். உள்ளே போக வேண்டியதுதான். பெண்களின் கூட்டத்தில் மூக்காயி நின்றாள். இமைக்காமல் பார்த்தாள்.

கிளையை வாங்கினான். பழக்கம்... கண்ணை மூடினான். முள். எதிரே இன்னொரு முள். பக்கத்தில் குட்டை முண்டு.

"மருக்காரை," என்றான். "காய் மீனுக்கு விஷம்."

தன் குரலைக் கேட்ட பிறகுதான் கண்ணைத் திறந்தான். மூக்காயி நின்ற இடம் காலியாக இருந்தது. நல்லதம்பி அவனைப் பார்த்துக் காறித் துப்பினான்.

நல்லதம்பிக்கு மூன்று மாதம் சிறை. ஆத்மநாதன் நாலு தடவை வந்தான். காட்டில் ஆடுகளும் இல்லை, அவளும் இல்லை. ஊரில் குடிக்கத் தண்ணீர் கேட்டான், ஒருத்தரும் கொடுக்கவில்லை.

வைகாசியில் மறுபடியும் மழை. மொட்டையாக நின்ற குச்சிகளில் முண்டு முண்டாகத் தளிர் வெடித்து, வெள்ளைப் பூ நிறைந்திருந்தது. அவன் புதரின் முன்னால் நின்றான். பெட்டியைக்கூடத் திறக்கவில்லை.

"கைய விட்றாதீங்க. முள்ளு."

மூக்காயி நனைந்திருந்தாள். ஆடுகள் இல்லை. ரவிக்கை புதிது.

"அண்ணன் முந்தாநேத்து வந்துருச்சு. வந்ததும் முத வேலையா கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஒரு எடத்துல என்னையப் பேசி முடிச்சுருச்சு. வெள்ளிக்கெழம கல்யாணம்."

அவன் தலையசைத்தான்.

"ஒண்ணு கேக்கணும். அதுக்குத்தான் வந்தேன். ஒங்களுக்குப் பொய் சொல்லத் தெரியாதா?"

"தெரியும்."

"சத்தியம், நேர்மைன்னு ஏதாச்சும் சொல்லப் போறீங்களா?"

"இல்ல."

"அப்பறம்?"

மழை இலைகளில் விழுந்துகொண்டிருந்தது.

"கண்ணை மூடினேன், மூக்காயி. கிளையில விரலை வச்சதும் நீ பக்கத்துல இருந்தே. தாசில்தார் இல்ல, ஒங்க அண்ணன் இல்ல... ஒருத்தரும் இல்ல. நீதான் எதுன்னு கேட்டே. உன்கிட்டதான் பேரைச் சொன்னேன்." நிறுத்தினான். "எங்க வீட்டுல அவ போனதுக்கப்புறம் எனக்கு எதுவுமே ஒறச்சதில்ல. அன்னிக்கு உன் விரல் மட்டும்தான் இருந்துச்சு. உன்மேல அவ்வளவு ஆசை எனக்கு."

அவள் இமையில் நின்ற துளி இந்த முறை விழுந்தது.

"எங்க அண்ணனுக்கு மருக்காரைக்கும் வேற முள்ளுக்கும் வித்தியாசம் தெரியாது," என்றாள். "காயப் பறிச்சது நான். கல்லுல வச்சு நசுக்குனது நான். அண்ணனுக்குக் குத்தகக்காரன் மேல கோவம். 'ஒத்தாச பண்ணு, ஒனக்கு என்ன வேணும்னாலும் கேளு'ன்னுச்சு. நான் ஒங்களக் கேட்டேன். சரின்னுருச்சு."

ஆத்மநாதனின் கை பூக்களுக்கு நடுவே போயிருந்தது. முள் ஏறியதை அவன் பார்த்தான். இந்த முறை வலித்தது.

"அடுத்த வாரம் வாங்கன்னு சொன்னது அதுக்குத்தான்," என்றாள் அவள்.

அவன் கையைப் புதரிலிருந்து எடுத்துவிட்டாள். விரலை விடாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு விட்டாள்.

"இந்தப் பூவெல்லாம் நாளைக்கி மஞ்சளாயிரும். பாக்க வராதீங்க."

மறுநாள் அவன் போகவில்லை.