பேக்கார்டு குன்னூர் ஏறிய நாள்

காலைக் காபி முடிந்ததும் யாழிசை வாசலில் நிற்கும் தானோடிக் காரில் ஏறி உட்கார்ந்து, "குன்னூர்" என்பாள். தானோடி கதவைக்கூடச் சாத்தாது. "மன்னிக்கவும். உயரம் உங்கள் இதயத்துக்கு ஆகாது. உங்கள் நன்மைக்காகவே மறுக்கிறோம்" என்று தேனொழுகச் சொல்லும். "நாசமாப் போ" என்று இறங்கிவிடுவாள். மேட்டுப்பாளையத்தில் நான்கு வருடமாக இந்தக் கூத்து தவறாமல் நடந்து வந்தது.

ஸ்டியரிங் என்ற ஒன்றே வண்டிகளில் இல்லாத காலம் அது. எல்லாம் தாமாக ஓடின, விபத்து என்ற பேச்சே இல்லை. அதற்கு ஈடாக ஒவ்வொருவருக்கும் ஒரு நலவரம்பு. அதைத் தாண்டி எந்தத் தானோடியும் யாரையும் ஏற்றாது. யாழிசைக்கு மலை கூடாது. குன்னூரில் இருந்த அவள் அக்கா நிறைமதிக்கு நுரையீரல் கோளாறு, சமவெளியின் வெக்கை கூடாது. ஒருத்தி ஏற முடியாது, ஒருத்தி இறங்க முடியாது.

அக்காவின் கணவர் இறந்தபோதும் யாழிசை சுவர்த்திரையைப் பார்த்துத்தான் அழுதாள். போன மாதம் அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "செவுத்துல தெரியற மூஞ்சிகூட இனிப் பேசறதா இல்லடி. வந்தா நேர்ல வா" என்று திரையை அணைத்தவள் மறுபடி போடவே இல்லை.

அன்றிலிருந்து யாழிசைக்கு இருப்புக் கொள்ளவில்லை. நின்றால் உட்காரத் தோன்றியது, உட்கார்ந்தால் எழத் தோன்றியது. நிம்மதி கிடைத்த ஒரே இடம் கார்க் கொட்டகை. பழைய அமெரிக்கக் கார்கள் மூன்று வைத்திருந்தாள். செல்லப்பிள்ளை, 1948ஆம் வருடத்துப் பேக்கார்டு. துருப்பிடித்த கூடாக வந்ததை, மூக்கில் நிற்கும் குரோம் கொக்குப் பொம்மை முதல் கதவுப் பிடி வரை அந்தக் காலத்துச் சாமான்களையே தேடிப் பூட்டி உயிர்ப்பித்திருந்தாள்.

வருடத்தில் ஒரு நாள் பழைய கார்களின் ஊர்வலம். அன்றைக்கு மட்டும் சாலையில் மனிதர் கையால் ஓட்டலாம், மலையடிவாரத்துக் கல்லாறு வரை போய்த் திரும்பிவிட வேண்டும். நடுவர்கள் மதிப்பெண் போடுவார்கள், புதுச் சாமான் ஒவ்வொன்றுக்கும் குறைப்பார்கள்.

"யாழிசைக்கா, அந்தப் பிரேக் லைனிங்க மட்டும் புதுசாப் போட்டுருங்க" என்றார் பழைய கார்ச் சங்கத்து மகிழன். "நம்ம தாத்தன் பொறக்கறதுக்கு முந்தின சரக்குங்க அது. நம்ப முடியாது."

"பெட்டி பிரிக்காம அமெரிக்காவிலிருந்து வந்ததுங்க. புதுசு போட்டா மார்க்கு போயிரும்."

"போனாப் போவுதுங்க."

"எனக்குப் போகக்கூடாதுங்க" என்றாள். அந்தப் பிடிவாதம் அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஊர்வல நாளில் கல்லாற்றில் எல்லாக் கார்களும் வரிசையாகத் திரும்பின. யாழிசை திரும்பவில்லை. அக்காவின் குரல் காதில் கேட்டது, கால் தானாக அழுத்தியது. பின்னால் மகிழன் ஹாரனை அடித்துத் தீர்த்தார். மலைப்பாதையில் எதிர்ப்பட்ட தானோடிகள் குழம்பிப்போய் ஓரங்கட்டி நின்றன. பாதி வழியில் பர்லியாற்றில் ரேடியேட்டர் கொதித்தது. தண்ணீர் ஊற்றிவிட்டு மறுபடி ஏறினாள். நெஞ்சு இறுகிக்கொண்டே வந்தது. பயமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது.

குன்னூரில் அக்கா வீட்டுத் தெரு செங்குத்தான இறக்கம். அவள் ஓட்டிப் பழகிய சங்கத்துத் திடலில் இறக்கமே கிடையாது. பிரேக்கை மிதித்தாள். கருகல் நாற்றம் வந்தது, வண்டி நிற்கவில்லை. கைப்பிரேக்கை இழுத்துக்கொண்டே வேலியை நோக்கித் திருப்பினாள். பேக்கார்டு அக்கா வீட்டு வேலிச் செடிகளுக்குள் கொக்கை நுழைத்து நின்றது.

கதவைத் திறந்துகொண்டு நிறைமதி ஓடிவந்தாள். யாழிசையின் முகத்தைத் தொட்டாள், கன்னத்தைக் கிள்ளினாள். "நெசமாவே நீதான்" என்று சொல்லி ஓவென்று அழுதாள். இருவரும் காரோடு சாய்ந்து நின்று அழுது ஓய்ந்தார்கள்.

"இது மறுபடி ஓடுமா?" அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"லைனிங்கு பொடிஞ்சு போச்சு. புதுசு வெட்டி ஒட்டோணும். ஒரு வாரமாகும்."

அக்கா மளமளவென்று உள்ளே போனாள். போர்வையைச் சுற்றிக்கொண்டு, துணி கட்டிய ஒரு சிறு அஸ்திக் கலயத்தோடு வந்தாள்.

"உன்ற மாமனை நானே கொண்டுபோய்ப் பவானி ஆத்துல விடோணும்னு கெடக்கறேன். மூணு வருசமா எந்த வண்டியும் என்னையக் கீழ கூட்டிப் போக மாட்டேங்குது. நீ கூட்டிட்டுப் போ."

அக்காவுக்கு மூச்சிரைத்ததை யாழிசை கேட்டாள். திரையில் இது கேட்டதே இல்லை. கீழே இறங்கினால் இந்த மூச்சு என்னாகும் என்று நினைத்தாள்.

"வேண்டாங்க்கா. அந்த வெக்கை உனக்கு ஆகாது. உன்ற நல்லதுக்குத்தான் சொல்றேன்."

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. தினமும் காலையில் கேட்ட அதே பேச்சு.

அக்கா அவளையே பார்த்தாள். "உனக்கு மட்டும் இந்த மலை ஆகுமாக்கும்?"

நிறைமதி காரின் முன்கதவைத் திறந்து உட்கார்ந்து, கலயத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

யாழிசை டிக்கியைத் திறந்து ஜாக்கியையும் ஸ்பானரையும் எடுத்தாள்.

"ஒரு வாரமாகும்னேனேக்கா. எறங்கிக்க."

"ஆகட்டும்" என்றாள் அக்கா, இறங்காமலே.