தந்த நிற ஸ்டியரிங்

ஸ்டியரிங்கில் பல் பட்டிருந்தது.

ஐந்து ரூபாய் நாணயம் அளவே இருந்த அந்தப் பொம்மை ஸ்டியரிங்கைப் பர்வேஸ் விரல் நுனியில் வைத்துச் சுற்றிப் பார்த்தான். வளையத்தில் ஓரிடத்தில் மட்டும் நகத்துக்குச் சொரசொரவென்று தட்டியது. முந்தின நாள் சாயங்காலம் கடைசி முறையாகத் தேய்த்து, மெருகேற்றி, கை பட்டால் வழுக்கும்படி வைத்துவிட்டுப் போன சாமான். எலி வேலைதான் என்று வாய்விட்டே திட்டினான். மழை பிடித்துவிட்டால் முடிச்சூர் ரோட்டுப் பக்கத்து எலிகளுக்கெல்லாம் மனிதர்கள் வீடுதான் சத்திரம், வாடகையும் கிடையாது.

அவனுக்குத் தொழில் பல்செட் செய்வது. மேற்குத் தாம்பரத்து டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். இவன் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து மெழுகில் ஈறு கட்டி, பல் அடுக்கி, வார்த்துக் கொடுப்பான். ஆசை மட்டும் வேறு. ஒரு சாண் நீளத்தில், கதவு திறந்து சக்கரம் திரும்பும் மாடல் கார்கள். அவற்றில் உடைந்தது, தொலைந்தது, கம்பெனிக்காரன் செய்யவே மறந்தது எதுவானாலும் இவன் செய்துவிடுவான். டீ வடிகட்டியை வெட்டினால் ரேடியேட்டர் கிரில். குழாய்க் கடை ரப்பர் வளையம் டயர். படப்பையில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவரிடம் மிஞ்சும் செப்புக் கம்பி பிரேக் வயர். ஆர்குட் இணையக் குழுவில் கூடிக் கும்மாளம் போடும் மாடல் கார்ப் பைத்தியங்களுக்கு இவன் பெயர் மனப்பாடம்.

அவன் மனைவி கைனாத்துக்கு இதெல்லாம் வயிற்றில் நெருப்பு. குழந்தை பரிதாவுக்குப் பத்து மாதம். தவழ ஆரம்பித்ததிலிருந்து கண்டதெல்லாம் வாய்க்குத்தான் போகிறது; கீழே அரிசி மாதிரி இரண்டு பல் வேறு எட்டிப் பார்த்துவிட்டது. "பொடிசு பொடிசா செஞ்சு வச்சிருக்கீங்களே, ஒண்ணு அவ தொண்டையில போய் நின்னா நான் என்னங்க பண்ணுவேன்?" என்று கேட்டிருந்தாள். அவனுக்கும் அதே பயம்தான், சொல்லிக்கொள்வதில்லை. வேலை முடிந்ததும் முட்டி போட்டு, உள்ளங்கையால் தரை முழுக்கத் துழாவிவிட்டுத்தான் எழுந்திருப்பான். கதவைப் பூட்டிச் சாவியை உயரத்தில் மாட்டுவான். மாட்டிவிட்டு, திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பான். இவ்வளவு தவங்கிடந்து பெற்ற பிள்ளை, பயப்படாமல் எப்படி இருப்பது?

லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு ஸ்டியரிங்கை மறுபடி பார்த்தான். எலி கடித்தால் ஜோடியாக இரண்டு கோடு விழும். இது வரிசையாக இருந்தது. நடுவில் அகலமாக இரண்டு பள்ளம், பக்கத்தில் கொஞ்சம் ஒடுக்கமாக, அதற்கும் பக்கத்தில் கூராக. வளையத்தின் அடிப்பக்கத்திலும் அதே மாதிரி. நாளெல்லாம் மெழுகில் விழுந்த கடிகளைப் படித்தே பிழைக்கிறவனுக்கு இது ஆனா ஆவன்னா. அந்த ஒரு சாண் காரின் முன்சீட்டில் உட்காரக்கூடிய ஓர் ஆள், குனிந்து, ஸ்டியரிங்கைக் கடித்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. நினைத்த மாத்திரத்தில் அவனுக்கே சிரிப்பு வந்தது. லென்ஸைக் கழற்றிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தான்.

மறுநாள் முன்னறையைத் திறந்தபோது எப்போதும் முகத்தில் அறையும் அக்ரிலிக் நெடிக்கு அடியில் வேறு ஒரு வாசனை, ஈரமும் காரமும் கலந்து, யாரோ வெற்றிலையில் சுண்ணாம்பை அதிகமாகத் தடவி மென்றுவிட்டு இப்போதுதான் எழுந்து போன மாதிரி, ஜன்னல் பக்கமும் போகாமல் கதவுப் பக்கமும் போகாமல் மேஜையைச் சுற்றியே நின்றுகொண்டிருந்தது. காரின் பின் டயரில் ஒரு துண்டு இல்லை. பிய்ந்த இடம் அரைவட்டமாக இருந்தது. லென்ஸ் போட வேண்டியிருக்கவில்லை, வெறும் கண்ணுக்கே தெரிந்தது.

எலிப்பொறி வாங்கிவந்து கருவாடு வைத்தான். அடுத்த நாள் கருவாடு வைத்தபடி இருந்தது. பின்சீட்டின் தோல் உறையில் புளியங்கொட்டை அகலத்துக்கு ஒரு கடி.

அன்றைக்கு முழுக்க அவனால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பல் அடுக்குவான், எழுந்துபோய்ப் பரிதா தூங்குகிறாளா என்று பார்ப்பான், வந்து உட்காருவான், காரைப் பார்ப்பான், ஒரு துணியைப் போட்டு மூடுவான், மூடியதே பயமாக இருக்கத் துணியை எடுத்துவிடுவான். விமானப் படைத் தளத்திலிருந்து ஏதோ ஒன்று கூரைக்கு மேல் உறுமிக்கொண்டு போனது. மேஜையில் இருந்த சின்னச் சாமான்கள் எல்லாம் கிடுகிடுவென்று நடுங்கி அடங்கின. ஒன்று மட்டும் அடங்கக் கொஞ்சம் தாமதமானது. எது என்று அவன் தேடவில்லை.

கடைசியில் ஒரு காரியம் செய்தான். இளஞ்சிவப்பு மெழுகைச் சூடாக்கி, உள்ளங்கை அகலப் பாளமாக ஊற்றி, காருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினான். நோயாளிகளின் கடியை இப்படித்தான் பதிவெடுப்பார்கள்.

சாயங்காலம் திறந்தான். பதிவு ஆகியிருந்தது.

மேல் வரிசை முழுசு. முன்பல்லின் தோளில் ஏறிக்கொண்டு ஒரு தெத்துப்பல்.

பர்வேஸ் மெழுகை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தான். அந்தத் தெத்துப்பல்லை அடுக்கியதே அவன்தான்.

அனகாபுத்தூரில் மீன் விற்ற குப்பம்மா. சொந்தப் பல்லெல்லாம் கொட்டிப்போய்ப் பல்செட் கட்ட வந்தபோது, நேர்வரிசையாக அழகாக அடுக்கிக் காட்டியவனைப் பார்த்து, "இன்னாத்துக்கு இது? எனுக்கு என் பல்லு மாரியே கட்டுப்பா. தெத்துப்பல்லு இல்லாங்காட்டி எம் மூஞ்சி எனுக்கே அடையாளம் தெரியாது" என்று அடம்பிடித்து வாங்கிப்போனவள். நாலைந்து வருஷம் வெற்றிலை போட்டே அதைப் பழுப்பாக்கினாள். போன வருஷ வெள்ளத்துக்கு முன்னால், விரிசல் விட்டிருக்கிறது என்று கொண்டுவந்து கொடுத்தாள். அதோடு சரி. ஒட்டித் தயாராக வைத்தான், ஆள் வரவில்லை. வெள்ளத்தில் அந்தப் பக்கம் எத்தனையோ பேர் வீடு மாறிப்போனார்கள். இவனும் விசாரிக்கவில்லை.

அப்புறம்தான் ஆர்குட்டில் பழக்கமான தாமோதரன் சாருடைய கார் வந்தது. அவர் அப்பா ஓட்டிய பழைய ஃபியட்டின் மாடல். ஸ்டியரிங்கும் கியர் குமிழும் தந்த நிறத்தில் வேண்டும். பர்வேஸ் கலந்து காட்டிய எந்த நிறமும் அவருக்குப் பிடிக்கவில்லை. அது புதுசின் வெள்ளை, எங்கப்பா கை பட்டுப் பட்டு மங்கினது வேற மாதிரி என்று திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார். ரோஷம் வந்துவிட்டது இவனுக்கு. அலமாரியைக் கிளறினபோது குப்பம்மாவின் பல்செட் கையில் பட்டது. அச்சாக அதே நிறம். யார் வந்து கேட்கப்போகிறார்கள் என்று பற்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்து, பொடியாக அரைத்து, அக்ரிலிக் திரவத்தில் குழைத்து வார்த்தான். தாமோதரன் சார் புகைப்படத்தைப் பார்த்தே அழுதுவிட்டாராம். அந்தப் பெருமையில் இரண்டு நாள் இவனுக்குத் தரையில் கால் பாவவில்லை.

இப்போது அந்த வாய் மெழுகில் இருந்தது. ஸ்டியரிங்கில் விழுந்த கடி எள் அளவு. டயரில் உளுந்து. சீட்டில் புளியங்கொட்டை. ஒவ்வொரு கடிக்கும் வாய் பெரிதாகிக்கொண்டு வந்திருக்கிறது. மெழுகின் அரைவட்டத்தைக் கட்டை விரலால் அளந்தான். பெரிய ஆளின் வாய்க்கு இது சின்னது. ரொம்பச் சின்னது. இந்த அகலத்தில் தாடை உள்ளவர்கள் யார் என்று தொழில் தெரிந்தவனுக்கு யோசிக்கவே வேண்டாம்.

பக்கத்து அறையில் பரிதா எதற்கோ கெக்கெக்கென்று சிரித்தாள்.

பற்கள் போன பல்செட், ஸ்டியரிங், கியர் குமிழ், கடிபட்ட மெழுகு, எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தான். கைனாத் பின்னாலிருந்து கூப்பிட்டாள். நிற்கவில்லை. பல்லாவரம், பம்மல் என்று மழைத் தூறலில் சேறு வாரி அடித்துக்கொண்டு போய், சந்து சந்தாக விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தான். குப்பம்மாவின் மகள் ஜோதிலட்சுமி வாசலில் நின்றபடியே பேசினாள். பையை அவன் திறந்து காட்டியதும் இரண்டடி பின்னால் போனாள்.

"ஒரு வருசமா படுத்த படுக்கையா கெடந்துச்சு, அண்ணா. கஞ்சி ஊத்தினா துப்பிடும். பல்லு வரட்டும், மென்னு துன்றேன்னு சொல்லிகினே போய்ச் சேந்துச்சு. போன மாசம்."

எந்த வாரம் என்று கேட்டான். சொன்னாள். அவன் அந்தப் பற்களை அரைத்த வாரம்.

பையை வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினான். மாட்டேன் என்றாள். அம்மாவுக்குக் கொள்ளி வைத்துச் சாம்பலையும் கரைத்தாகிவிட்டது, அந்தச் சாமான் வீட்டுக்குள் வரக்கூடாது, எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டாள். கதவைச் சாத்தும்போது, கோபமில்லாமல்தான், ஒரு வார்த்தை கேட்டாள்.

"அதுக்கு உசுரே அந்தப் பல்லு மேலதான். நீ ஒரு நட வந்து குடுத்திருக்கலாமில்ல?"

அடையாற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்திப் பையை ஆற்றில் எறிந்தான். மழைத் தண்ணீர் செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு ஓடியது. பை ஒரு முறை மேலே வந்தது. பிறகு காணோம். மன்னிச்சிடும்மா என்று சொன்னான். சத்தமாகவே சொன்னான், பக்கத்தில் போன சைக்கிள்காரர் திரும்பிப் பார்த்தார். நெஞ்சில் இருந்த பாறாங்கல் இறங்கின மாதிரி இருந்தது. திரும்பும் வழியில் பரிதாவுக்கு ஒரு கிலுகிலுப்பைகூட வாங்கினான்.

வீட்டுக்கு வந்தபோது தெருவே இருட்டாகக் கிடந்தது. கரண்ட் இல்லை. கைனாத் அடுப்படியில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். முன்னறையைத் திறந்துபோட்டுவிட்டுப் போனதற்கு நாலு வார்த்தை சொன்னாள். அப்புறம் குரல் இறங்கி, பாப்பா இன்றைக்கு ரொம்பச் சமத்து, அழவே இல்லை என்றாள்.

முன்னறையிலிருந்து சத்தம் வந்தது.

நறுக்.

நிதானமாக. மென்று. இன்னொரு முறை.

நறுக்.

முறுக்கு கொடுத்தாயா என்று கேட்டான். பல் ரெண்டை வச்சுக்கிட்டு முறுக்கா, நான் ஒண்ணும் குடுக்கலையே என்றாள் கைனாத்.

ஓடினான். கதவு இடித்தது. செல்போன் டார்ச்சை அழுத்தினான். விரல் நழுவியது. மறுபடி அழுத்தினான்.

பரிதா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். முதுகு நேராக. மடியில் கல் மாதிரி இறுகிய பிளாஸ்டர் பல் அச்சு. பாதிதான் இருந்தது. உதட்டைச் சுற்றி வெள்ளைத் தூள். கன்னம் மெதுவாக அசைந்தது. விழுங்கினாள்.

"பாப்பா. துப்பு. துப்பும்மா."

மண்டியிட்டான். எத்தனையோ முறை செய்ததுதான். கன்னத்தை அழுத்தி, ஆள்காட்டி விரலை உள்ளே விட்டுத் தோண்டி எடுக்க வேண்டும். விட்டான்.

கீழே வரிசை. மேலே வரிசை. வழவழப்பாக. நெருக்கமாக. கடைவாய் வரைக்கும்.

காலையில் இரண்டுதான் இருந்தது.

வாய் மூடியது. விரலைக் கடித்தது. வலிக்கும்படி இல்லை. கடித்து, விட்டது. தாடையை இடப்பக்கம் நகர்த்தியது. வலப்பக்கம் நகர்த்தியது. நாக்கு மெல்ல வந்து, வரிசை முழுவதையும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவிப் பார்த்தது. புதுப் பல்செட் மாட்டிவிட்டால் எல்லாரும் முதலில் செய்கிற காரியம் அது.

மெழுகுவத்தியோடு கைனாத் வாசலில் வந்து நின்றாள். "வாயில என்னங்க வச்சிருக்கா?"

பர்வேஸின் விரல் உள்ளேயே இருந்தது. குழந்தை அவனை நிமிர்ந்து பார்த்து, திருப்தியாகத் தலையாட்டியது. பிறகு, பலம் பார்க்க, அழுத்திக் கடித்தது.