ஒற்றைக் கால் கரண்டிவாயன்

"ஐயோ...!"

மாஹுல் உப்பளத்தில் அந்த அலறல் கேட்டபோது காலை ஆறு நாற்பது.

சேற்றில் மேய்ந்த ஆயிரம் உள்ளான் பறவைகள் குபீரென்று கிளம்பின. கூடவே அந்த ஒற்றைக் கரண்டிவாயனும்!

ஜம்புநாதனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாட்டுங்காவில் பல் தேய்த்த கையோடு ரயிலேறி வந்தவன். ஞாயிற்றுக்கிழமை, ஆபீஸ் லீவு. மாசி பிறந்தாயிற்று, இன்னும் சில வாரத்தில் பறவைகளெல்லாம் வடக்கே போய்விடும். வாழ்நாளில் முதல் கரண்டிவாயன்... பத்து நிமிஷம்கூடப் பார்க்கவில்லை!

முதலில் நோட்டில் நேரத்தைக் குறித்தான். பிறகுதான் பைனாகுலரைத் திருப்பினான்.

எதிர்க்கரையடியில், சேற்றில்... ஒரு உடல்!

வரப்பைச் சுற்றி ஓடினான். காவல்காரன் வெயிலுமுத்து! தாராவியிலிருந்து வரும் மனுஷன். மண்டையில் ரத்தம்.

யோசிக்காமல் குதித்தான். நாலு அடி வைத்தான். ஐந்தாவது அடிக்குக் கால் வரவில்லை.

ஒரு காலை இழுத்தால் மற்றது இறங்கியது. முழங்கால்... தொடை... கத்தினான். லீவு நாளில் உப்பளத்தில் யார் இருக்கிறார்கள்?

ஒரு மணி நேரம் போயிற்று. கழிமுகத்தில் தண்ணீர் ஏற ஆரம்பித்தது. உள்ளான்கள் மட்டும் திரும்பி வந்து, ஒன்றுமே நடக்காததுபோல் மேய்ந்தன. பாவிகள்!

"ஓய் ஜம்பு! என்னய்யா இது கோலம்?"

கரையில் திருவேங்கடம்! ஆபீஸ் ஹெட்கிளார்க். அவருக்கும் இதே பறவைப் பைத்தியம்தான்.

"ஸார்! தெய்வம் மாதிரி வந்தேள்! கரையில கிடக்கிற அந்தப் பலகையைப் போடுங்கோ ஸார்!"

"இரும் ஓய், பதறாதேயும். நான் இப்பத்தான் செம்பூர்ல ரயிலை விட்டு இறங்கி வரேன்." பலகையை எடுத்தவர் வழக்கம்போலக் கேட்டார். "இன்னிக்கு என்ன கிடைச்சுது?"

"பக்கத்துல பொணம் ஸார்!"

"அது சரி. பறவை?"

"உள்ளான்தான்..."

"அவ்வளவுதானா? கரண்டிவாயனைக் கோட்டை விட்டுட்டீரே! ஒத்தைக் கால்ல என்னமா நின்னுது..."

ஜம்பு காலை இழுப்பதை நிறுத்தினான்.

கரண்டிவாயன் நின்றது ஆறு நாற்பது வரைதான்!

"ஸார்... நீங்க இப்பத்தானே வந்தேள்?"

திருவேங்கடம் பலகையை மெல்லக் கரையிலேயே வைத்தார்.

"நாக்கு கெடுத்துடுத்து ஓய். உம்மைவிட ஒரு பறவை கூடப் பார்த்துட்டாப் போறும், என்னால வாயை மூட முடியல."

"ஏன் ஸார்? இந்த மனுஷன் என்ன பண்ணினான்?"

"மிலிட்டரி பெட்ரோல் டின், திருட்டுச் சரக்கு. படகுல ஏத்திண்டிருந்தேன், பார்த்துட்டான். பறவை பார்க்கிறவன்னா எந்தப் போலீஸும் சந்தேகப்பட மாட்டான்... நோட்டுல நேரம் எழுதியிருப்பீரே? தூக்கிப் போடும், பலகை தரேன்."

பொய்! நோட்டு அவர் கைக்குப் போனால் பலகை வராது. கல்யாணமாகி நாலே மாசம். அம்மிணி இட்லிக்கு ஊறப்போட்டிருப்பாள்.

தண்ணீர் இடுப்பைத் தொட்டது.

நோட்டை வீசினான்... வேண்டுமென்றே குறைவாக!

கரையிலிருந்து நாலடி தள்ளி, காய்ந்ததுபோல் தெரிந்த சேற்றில் விழுந்தது.

"தொலைஞ்சுது!" திருவேங்கடம் பூட்ஸோடு இறங்கினார். ஒன்று... இரண்டு... மூன்று...

சளக்!

"ஓய்! ஓய் ஜம்பு! கால்... கால் வரலைய்யா!"

அப்போது பிணம் கண்ணைத் திறந்தது.

"சாமி! நின்னா முழுங்கிரும்லா! மல்லாக்கப் படுங்க!"

"வெ... வெயிலுமுத்து! உசிரோடயா இருக்கே?"

"தண்ணி பட்டதும் முழிச்சிட்டேன். அந்தாளு நிக்கான்னு செத்தே கெடந்தேன். படுத்துக் கெடந்தேன், அதான் இந்தச் சேறு என்னை முழுங்கல. படுங்க!"

ஜம்பு மல்லாந்தான். வெயிலுமுத்து தவழ்ந்து வந்து அக்குளில் கைகொடுத்து இழுத்தான். ஒரு கால் வந்தது... மற்றதும்! செருப்பைச் சேறே வைத்துக்கொண்டது. உருண்டு, தவழ்ந்து, போகிற வழியில் நோட்டையும் பொறுக்கிக்கொண்டு கரையேறினார்கள்.

"ஜம்பு! பலகை! கெஞ்சிக் கேக்கறேன்!"

வெயிலுமுத்து பலகையை அவரை நோக்கித் தள்ளினான். "கட்டிப் பிடிச்சுக்கிட்டு கெடவே. போலீசு வர்ற வரைக்கும் தாங்கும்."

ஜம்பு கரையில் உட்கார்ந்து, நோட்டைப் பிரித்து எழுதினான்:

'காலை 8.20. ஹெட்கிளார்க், ஒன்று. இடுப்பளவு சேற்றில். பறக்கும் அறிகுறி இல்லை.'