ஐந்தாவது வரி

மதியம் இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியின் பழைய கட்டடத்துக்குள் எக்ஸ்பிரஸ் நுழைந்தபோது லிஃப்ட் ஓடவில்லை. அது என்றைக்கு ஓடியது! படியேறினாள். எதையும் நிதானமாகச் செய்யத் தெரியாதவள் என்று கணினிப் பிரிவில் வைத்த பெயர்தான் எக்ஸ்பிரஸ். அவளோ அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது மாடியில், ஒரு காலத்தில் வார்டாக இருந்த நீளமான அறைதான் அவர்களுடைய இடம். கட்டில்களை எடுத்துவிட்டு மேசைகளைப் போட்டிருந்தார்கள். பினாயில் வாடையைத்தான் யாராலும் எடுக்க முடியவில்லை.

இன்று அவளுக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. கீழே தீவிர சிகிச்சை வார்டில், எட்டாவது கட்டிலில் அவள் அண்ணன் படுத்திருந்தான். நேற்றுதான் இதய ஆபரேஷன். அப்பா போன பிறகு அவளைப் படிக்கவைத்து ஆளாக்கியவன் அவன்.

அந்த வார்டில் எட்டுக் கட்டில்கள். யாருடைய மானிட்டராவது சிவந்தால் நர்ஸ் மேசையில் மணி அடிக்க வேண்டும். அந்தச் சேதியைக் கொண்டுபோய்ச் சேர்க்கக் கட்டிலுக்கு ஒரு சர்வர். சர்வர்களைக் கையால் யாரும் கட்டுவதில்லை. ஒரு கோப்பில் கட்டில்களை, படுத்திருப்பவர் பெயரோடு, வரிசையாக எழுதிவைத்தால் போதும். ஒரு மென்பொருள் அந்த வரிகளை எண்ணி, அத்தனை சர்வர்களைத் தானே உருவாக்கிக்கொள்ளும். அதற்கு முன் எத்தனை புதிதாக வரும், எத்தனை அழியும் என்று ஒரு திட்டம் காட்டும். அதைப் படித்துவிட்டு ‘சரி’ என்று தட்டினால்தான் வேலை நடக்கும். பெயரெல்லாம் அதற்குப் பொருட்டில்லை. வரிசை எண்தான் எல்லாம்.

மூன்று மாதத்துக்கு முன் மூன்றாவது கட்டிலைப் பழுதுபார்க்கக் கொண்டுபோனார்கள். எக்ஸ்பிரஸ் மூன்றாவது வரியை நீக்கினாள். திட்டத்தைப் படிக்கவில்லை. சரி என்று தட்டிவிட்டு டீ குடிக்கப் போனாள். கீழே இருந்த வரிகளெல்லாம் ஒவ்வொரு படி மேலே ஏற, எண் மாறிப்போன அத்தனை சர்வர்களையும் மென்பொருள் இடித்துவிட்டு மறுபடி கட்டியது. பதினோரு நிமிடம் அந்தக் கட்டில்களுக்கு மணியே இல்லை. அந்த நேரம் பார்த்துத்தான் ஐந்தாவது கட்டிலில் இருந்த ரிட்டயர்ட் பஸ் கண்டக்டரின் மானிட்டர் சிவந்தது. நர்ஸ் கவனிப்பதற்குள் உயிர் போய்விட்டது.

“மணி அடிக்கலையேம்மா? நான் கதவுகிட்டயேதான உக்காந்திருந்தேன்?” என்று கேட்டாள் அவர் மனைவி.

“அடிச்சுதும்மா. அவர் நிலைமை அப்படி” என்றாள் எக்ஸ்பிரஸ், கண்ணைப் பார்க்காமல். மணி அடித்ததாகப் பிரிவுத் தலைவர் எழுதிக்கொடுத்த அறிக்கையில் கையெழுத்தும் போட்டாள்.

இனி வரிகளைக் கூட்டிக் குறைக்கையில் எண்ணிக்கை பிசகக் கூடாது என்று அன்று மாலையே கோப்பில் ஒரு நிபந்தனையைச் சேர்த்தாள்: எண்ணிக்கை எட்டைத் தாண்டினால் எட்டோடு நிறுத்திக்கொள். தாண்டினால் பிழை என்று கத்தச் சொல்லியிருக்கலாம். கத்தினால் நாலு பேர் ஏன் என்று கேட்பார்களே! சத்தமில்லாமல் வெட்டிவிடச் சொன்னாள். செய்த பாவம் அதோடு கழிந்தது என்று நினைத்துக்கொண்டாள் மகராசி.

இப்போது அண்ணனுக்காக, மன நிம்மதிக்காக, திட்டத்தை ஓடவிட்டுப் பார்த்தாள்.

அழிவது: 1.

கோப்பைத் திறந்து விரல் வைத்து எண்ணினாள். மூன்றாவது கட்டிலும் திரும்பி வந்துவிட்டதால் எட்டு வரிகள். மென்பொருளைக் கேட்டால் ஒன்பது என்றது. ஒன்பதைப் பட்டியலிட்டும் காட்டியது. நாலாவது வரைக்கும் ஒழுங்கு. ஐந்தாவது வரி அவள் எழுதியதில்லை.

கண்டக்டர்.

அவருக்குக் கீழே இருந்தவர்கள் ஒவ்வொரு எண் தள்ளிப்போயிருந்தார்கள். அண்ணன் ஒன்பதாவது. எட்டோடு நிறுத்தச் சொன்னவள் அவளேதான். அவன் பெயருக்கு நேராக மட்டும் இப்படி ஒரு குறிப்பு இருந்தது:

இருப்பதா, அழிவதா என்பது சொன்ன பிறகே தெரியும்.

அறையில் பினாயில் வாடை போய், வியர்வை ஊறிய காக்கித் துணியின் வாடை எழுந்தது. ஜன்னலுக்கு வெளியே வெயில் பளிச்சென்று அடித்தது. அவளுக்கோ கை குளிரில் விறைத்தது.

“எட்டு டிக்கெட்டுதான் போகும்” என்றது காதோரம் ஒரு குரல், அவசரமே இல்லாமல். “ஒருத்தர் இறங்கணும்.”

திரும்பினாள். தலைவர் நின்றுகொண்டிருந்தார்.

“என்ன எக்ஸ்பிரஸ், பேயறைஞ்ச மாதிரி இருக்கே?”

“சார், இங்க பாருங்க. ஒன்பது காட்டுது.”

அவர் குனிந்து பார்த்தார். “கண்ணை டெஸ்ட் பண்ணு. எட்டுதான் இருக்கு.”

“சார்... அந்த அம்மாகிட்ட உண்மையைச் சொல்லிடலாம் சார். என்னால முடியல.”

தலைவரின் முகம் மாறியது. குரலைத் தாழ்த்தினார். “சொல்லிட்டு? உன் வேலையும் காலி, என் வேலையும் காலி. போலீஸு, கோர்ட்டுன்னு லோலோன்னு அலையறப்ப உங்க அண்ணனை யாரு பாத்துப்பா? பேசாம வேலையைப் பாரு.”

அவர் போனதும் கைப்பேசியை எடுத்தாள். அந்த அம்மாவின் எண் அறிக்கையிலேயே இருந்தது. இரண்டாவது மணியிலேயே அந்த அம்மா எடுத்துவிட்டாள்.

“ஹலோ, யாரு?”

எக்ஸ்பிரஸுக்கு உண்மை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. சத்தியமாக வந்துவிட்டது. வேலை, சம்பளம், அண்ணனுடைய மருந்து என்று எல்லாம் ஒரு நொடியில் கண் முன்னால் ஓடியது.

“ராங் நம்பருங்க” என்று வைத்துவிட்டாள்.

திரையில் அந்தக் குறிப்பைக் காணோம். செய்யலாமா என்ற கேள்வி மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. அவள் கை மடியில் இருந்தது.

முதலில் ‘ச’ விழுந்தது.

பிறகு ‘ரி’.

விழுந்தடித்துக்கொண்டு கீழே ஓடினாள். வார்டில் எல்லாம் அமைதியாக இருந்தது. அண்ணன் கண் விழித்துப் படுத்திருந்தான்.

“என்னடி இப்படி மூச்சு வாங்குது? நாய் துரத்துச்சா?”

அழுகையும் சிரிப்புமாக அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பத்தடி தள்ளி மேசையில் ஹெட் நர்ஸ் எழுதிக்கொண்டிருந்தாள். எட்டாவது கட்டிலுக்கு மணி அடிக்காது என்று அவளிடம் சொல்லலாம். சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பாள். பிறகு எல்லாம் வெளியே வரும். வேண்டாம். நானே உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறேன் என்று முடிவெடுத்தாள். மணி இல்லாவிட்டால் என்ன, எனக்கு வாய் இல்லையா?

அண்ணன் தூங்கிப்போனான். மூன்று மணி பத்து நிமிடத்துக்கு மானிட்டர் சிவந்தது.

மணி அடிக்கவில்லை.

“சிஸ்டர்!” என்று கத்தினாள்.

சத்தம் வரவில்லை.

வயிறு குழிய, கழுத்து நரம்பு புடைக்க மறுபடி கத்தினாள். காற்றுகூட வரவில்லை. நர்ஸ் பக்கத்தைத் திருப்பி எழுதினாள். எக்ஸ்பிரஸ் எழுந்து ஓடப் பார்த்தாள். தோள் மேல் ஒரு கை விழுந்தது. கனமான, ஆட்களை உட்காரவைத்துப் பழகிய கை. அவளை இருக்கையோடு அழுத்தியது. காக்கித் துணியின் வாடை மூக்கை அடைத்தது.

“உக்காருங்கம்மா. இது உங்க ஸ்டாப் இல்ல.”

அண்ணனின் விரல்கள் அவள் கைக்குள் இறுகின. இறுகி, பிறகு மெல்ல மெல்லத் தளர்ந்தன. அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அதைப் பார்க்க மட்டும் அந்தக் கை விட்டது. ஒவ்வொரு நிமிடத்தையும் முழுசாகப் பார்க்க வைத்தது. பதினோராவது நிமிடம் முடிந்ததும் தோள் லேசானது.

நர்ஸ் தற்செயலாக நிமிர்ந்தாள். பேனாவைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். டாக்டர்கள் வந்தார்கள், நெஞ்சை அழுத்தினார்கள், ஊசி போட்டார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கையெடுத்தார்கள்.

நர்ஸ் அவளைப் பிடித்து உலுக்கினாள். கோபமும் அழுகையும் சேர்ந்து அவளுக்கு வார்த்தை குழறியது. “பக்கத்துலயே இருந்திருக்கீங்க! ஒரு குரல் குடுத்திருக்கக் கூடாதாம்மா?”

எக்ஸ்பிரஸ் வாயைத் திறந்தாள். இப்போது குரல் வந்தது. வார்டே திரும்பிப் பார்க்கும்படி வந்தது.

காரியங்கள் முடிந்து, பத்தாம் நாள் காலையில் அவள் மூன்றாவது மாடிக்குப் படியேறினாள். கீழே எட்டாவது கட்டில் இன்னும் காலியாகத்தான் கிடந்தது. கோப்பிலிருந்து அண்ணனுடைய வரியை யாரோ நீக்கியிருந்தார்கள். இருந்தவை ஏழு வரிகள். திட்டத்தை ஓடவிட்டாள். முதன்முறையாக ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள்.

எண்ணிக்கை: 8. நிபந்தனைக்கு உட்பட்டது. மாற்றம் எதுவும் தேவையில்லை.