புள்ளி ஓடட்டும்!

போன் அலறியது.

எடுத்தாள்.

"புது வீடு நல்ல காத்தோட்டமா இருக்கு போல... மாடி வேற!"

கணவன்!

கழுத்தில் கத்தி வைத்ததால், 'மனைவி பக்கமே போகக்கூடாது' என்று கோர்ட் தடை போட்ட அதே கணவன். வீடு மாறி மாறி ஓடியும் மோப்பம் பிடித்துவிட்டான்.

காட்டிக்கொடுப்பது யார்? வீட்டுக்காரம்மாவா? எதிர் வீட்டுக்காரனா? ஆபீஸில் பக்கத்து சீட்காரியா? யார் சிரித்தாலும் அவளுக்குப் பகீரென்றது.

செல்போன் ரிப்பேர் கடைக்கு ஓடினாள். மெக்கானிக் போனை நோண்டினார்.

"சிம்மைக்கூட மாத்திட்டேன் சார்!"

"சிம்மை மாத்தி என்னம்மா பிரயோஜனம்? உள்ளே இருக்கிற அக்கவுண்ட் உங்களோடது இல்லையே! இந்த போட்டோல இருக்கிற மீசைக்காரர் யாரு?"

பார்த்தாள்.

அண்ணன்!

போன் வாங்கித் தந்த அன்று, "உனக்கு எதுக்கும்மா இந்தத் தலைவலி?" என்று தன் அக்கவுண்ட்டையே போட்டுக் கொடுத்தவன்.

"இதோட பாஸ்வேர்டு தெரிஞ்சா போதும். நீங்க போற இடமெல்லாம் மேப்ல புள்ளியா தெரியும். அழிச்சிடவா?"

"வேணாம்... புள்ளி ஓடட்டும்!"

"என்னம்மா சொல்றீங்க?"

"போன் கொஞ்ச நேரம் உங்க கடையிலேயே இருக்கட்டும் சார். நான் மட்டும் போலீஸ் ஸ்டேஷன் போயிட்டு வரேன்."

மறுநாள் மதியம்.

ஊருக்கு வெளியே, தோழியின் காலி வீடு. கதவு மெல்லத் திறந்தது. கட்டிலில் போர்வைக்குள் ஓர் உருவம். தலைமாட்டில் அவளுடைய போன்.

கணவன் கத்தியை ஓங்கினான்.

"இனிமே எங்கடி ஓடுவே?"

போர்வை பறந்தது!

பெண் இன்ஸ்பெக்டர்! துப்பாக்கி அவன் நெற்றிக்கு நேராக...

பக்கத்து அறையிலிருந்து அவள் வந்தாள். பின்னாலேயே, போலீஸ் அழைத்து வந்திருந்த அண்ணன். கத்தியைப் பார்த்ததும் ஆடிப்போனான்.

"திருந்திட்டேன்னு மாப்பிள்ளை என் கால்ல விழுந்தாரும்மா... நீங்க ரெண்டு பேரும் சேர்ந்துட்டா போதும்னுதான் பாஸ்வேர்டைக் குடுத்தேன்!"

"பாஸ்வேர்டாண்ணா அது? என் உயிரு!"

அண்ணன் தலை கவிழ்ந்தது.

"மேடம்... சும்மா பேசிட்டுப் போகத்தான் வந்தேன்..." கணவன் குழறினான்.

விலங்கை மாட்டினார் இன்ஸ்பெக்டர்.

"இங்கே வர உனக்கு மேப் தேவைப்பட்டுச்சு... ஸ்டேஷனுக்கு வேணாம்ப்பா, வாசல்லயே ஜீப் நிக்குது!"