கண்ணாடிக்கு அடியில் நாலாவது கார்டு

"நான் ஒரு மனுஷனக் கொன்னுட்டேனா இல்லையான்னு எனக்குத் தெரியணும் சார்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்த அலுவலகத்துக்கு வருகிறவர்கள், காணாமற்போன மோட்டார் சைக்கிளையோ கணவனையோ தேடித் தரச் சொல்லித்தான் பெரும்பாலும் வருவார்கள். துப்பறிவாளர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தார். எதற்கும் அலட்டிக்கொள்ளாத மனிதர் என்பதால் தெரிந்தவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'நிதானம்'. அவருடைய உதவியாளரோ நேர் எதிர். அவருடைய அக்கா மகள்தான். வங்கியின் கார்டு பிரிவில் நாலு வருஷம் குப்பை கொட்டிவிட்டு, மேலதிகாரியோடு சண்டை போட்டு வெளியே வந்தவள். அவசரக்குடுக்கை என்று மாமா கூப்பிடப் போய், இப்போது சுருக்கமாகக் குடுக்கை ஆகிவிட்டாள். யாராவது வாயைத் திறப்பதற்குள் பென்சிலை நோட்டில் வைத்துவிடுவாள்.

வந்த அம்மாள் நெடுஞ்சாலையில் இருக்கும் பெரிய பொழுதுபோக்குப் பூங்கா விடுதியில் பத்தொன்பது வருஷமாக வரவேற்பு வேலை பார்த்தவள். ராட்டினம், நீர்ச்சறுக்கு, கரடி வேஷக்காரன் எல்லாம் உள்ள இடம். அங்கே எல்லாரும் அவளைப் பெரியக்கா என்பார்கள். பக்கத்து கவுண்டர்க்காரி சின்னக்கா. கூடப்பிறந்தவர்கள் இல்லை, ஆனால் பத்தொன்பது வருஷமும் ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள்.

"ரெண்டு வாரம் முன்ன, ஞாயித்துக்கிழமை, உச்சி வெயில்" என்றாள் பெரியக்கா. "ரிட்டயரான ரயில் டிரைவர் ஒருத்தர், பேரப்பிள்ளைங்க ரெண்டு பேரோட வந்தார். அதுங்க பஸ்லயே நீச்சல் வளையத்த ஊதி இடுப்புல மாட்டிக்கிட்டு வந்திருந்துதுங்க. அவர் நீல கார்ட நீட்டினார். பென்ஷன்காரங்களுக்குக் கூட்டுறவு பேங்க்ல குடுப்பாங்களே, அது. எந்தெந்த கார்டு வாங்கலாம்ங்கற பட்டியலப் பாத்துட்டு, 'இத இங்க வாங்கறதில்ல ஐயா, நெடுஞ்சாலையில ஏ.டி.எம். இருக்கு, பணம் எடுத்துட்டு வாங்க'ன்னு சொன்னேன். 'வாசல்ல போட்டிருக்கேம்மா'ன்னார். 'இங்க வாங்கறதில்ல ஐயா'ன்னு மறுபடி சொன்னேன். பிள்ளைங்கள பெஞ்சுல உக்கார வச்சுட்டு நடந்தார். ஒரு மைல். திரும்பி வர்ற வழியில விழுந்துட்டார். சட்டைப் பையில பணம் அப்படியே இருந்துச்சாம்."

குடுக்கையின் பென்சில் நின்றுவிட்டது.

"சாயங்காலம் வரைக்கும் போலீஸ்ல வாக்குமூலம் குடுத்தேன். மறுநாள் காலையில போய்ப் பாத்தா, என் கவுண்டர் கண்ணாடிக்கு அடியில இருக்கற பட்டியல்ல நாலு கார்டு இருக்கு சார். நாலாவது நீல கார்டு! நான் பாத்தப்போ மூணுதான் இருந்துச்சு. மூணு மாசமா மூணுதான். மேனேஜர், 'எப்பவும் நாலுதான், நீங்க சோம்பேறித்தனத்துல அனுப்பிட்டீங்க'ங்கறார். வேலையும் போச்சு, மாசக் கடைசிக்குள்ள குவாட்டர்ஸ காலி பண்ணணும். அது கெடக்கட்டும். செத்துப்போன அந்தப் பெரியவரோட மகன் என் வாசல்ல வந்து நின்னு, 'எங்கப்பாவ எதுக்கு வெயில்ல அனுப்பினீங்க'ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டான். எனக்கே இப்போ சந்தேகம் சார். என் கண்ணுதான் தப்போ?"

"சின்னக்கா என்ன சொல்றாங்க?" என்று கேட்டார் நிதானம்.

"கவனிச்சதில்லங்கறா." பெரியக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "பாவம், அவளுக்கும் குடும்பம் இருக்கு."

"கண்ணாடிய நீங்களே தூக்கிப் பட்டியல மாத்தலாமா?"

"ஐயோ, கல்லு மாதிரி கனம். பராமரிப்பு ஆளுங்க ரெண்டு பேர் வந்தாத்தான் அசையும். அவங்க வர்றப்போ எங்கள வெளிய போகச் சொல்லிடுவாங்க. இத்தன வருஷத்துல நானோ அவளோ அதத் தொட்டதுகூட இல்ல."

அன்று மத்தியானமே இருவரும் பூங்காவுக்குப் போனார்கள். வாசல் வளைவில் நாலு கார்டுகளின் படமும் பெரிதாக இருந்தது; நீல கார்டு எல்லாவற்றுக்கும் முதலில். மேனேஜர் வாசனையோடு வந்து வரவேற்றார். ஊழியர்களைக் குடும்பம் என்பார், விருந்தாளிகளைத் தெய்வம் என்பார், ஆனால் யார் பெயரும் அவருக்குத் தெரியாது. "நம்ம குடும்பத்துல ஒரு துக்கம் சார்" என்று இறந்தவரைப் பற்றிச் சொன்னபோது குடுக்கைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வரவேற்புக் கூடத்தில் பெரிய ஜன்னல், நேராக கவுண்டர்கள்மேல் அடிக்கும் வெயில். மரமேசைமேல் பச்சைத் துணி, அதன்மேல் காகிதங்கள், எல்லாவற்றையும் மூடித் தடித்த கண்ணாடி. குடுக்கை கைப்பையிலிருந்து அளவுநாடாவை எடுத்தாள். கார்டுப் பட்டியல் பதினாறு அங்குலம், ஒரு படத்துக்கு நாலு அங்குலம். முதல் கார்டின் பக்கம் ராட்டின நேரங்கள் அச்சிட்ட தாள் பத்து அங்குலம். இரண்டு கவுண்டர் நாற்காலிகளுக்கும் நடுவே நாலரை அடி.

"நாற்காலி எதுக்கு?" என்றார் நிதானம்.

"இருக்கட்டும் மாமா. அப்புறம் நீங்க கேட்டா நான் முழிக்கணுமா?"

நிதானம் மேசைமேல் இருந்த அழைப்பு மணியைத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. குழந்தைகள் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள் என்று எப்போதோ கண்ணாடியோடு பசை போட்டு ஒட்டிவிட்டிருந்தார்கள். மணி பாதி கார்டுப் பட்டியலுக்கு மேலேயும் பாதி நேரத் தாளுக்கு மேலேயும் இருந்தது. அவர் குனிந்து பக்கவாட்டிலிருந்து வெகுநேரம் பார்த்தார்.

இரண்டாம் கவுண்டரில் சின்னக்கா கண்ணை நிமிர்த்தாமல் ரசீது கிழித்துக்கொண்டிருந்தாள். மெலிந்த பெண்மணி. "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்பதற்கு மேல் அவள் வாயிலிருந்து ஒன்றும் பெயரவில்லை.

மேனேஜர் கேட்காமலே கார்டு மெஷின்களின் ஆறு மாதப் பதிவைக் கொடுத்தார். கேட்காமல் கொடுக்கிறவனுக்கு அதில் ஆதாயம் இருக்கிறது என்று குடுக்கைக்குத் தெரியும். ஆனாலும் பேருந்தில் உட்கார்ந்து அதைப் பார்த்தபோது அவளுக்கு முகம் விழுந்துவிட்டது.

"போச்சு மாமா. இந்த மூணு மாசத்துல நீல கார்ட நாப்பத்தோரு தடவ வாங்கியிருக்காங்க. எல்லாம் ரெண்டாம் கவுண்டர்ல. பெரியக்கா கவுண்டர்ல ஒண்ணுகூட இல்ல. தடை இருந்திருந்தா பக்கத்துலயே எப்படி வாங்குவாங்க? அந்தம்மா பொய் சொல்றாங்க."

"அதுக்கு முந்தின மூணு மாசத்துல பெரியக்கா எத்தன வாங்கினாங்க?"

அவள் புரட்டினாள். "அறுபத்தெட்டு. மூணு மாசம் முன்ன, முதல் தேதியோட டக்குனு நின்னு போச்சு."

"சோம்பேறித்தனம்னா கொஞ்சம் கொஞ்சமா வரும், குடுக்கை. ஒரே நாள்ல வர்றது கீழ்ப்படியற புத்தி. சரி, நீ பேங்க்ல இருந்தவதானே, நீல கார்டு வேணாம்னு மேனேஜர் முடிவு பண்ணினா மெஷின் என்ன செய்யும்?"

"மெஷினுக்கு என்ன தெரியும்? ஒப்பந்தம் இருக்கற வரைக்கும் எதச் செருகினாலும் வாங்கும். வேணாங்கறது காகிதத்துல மட்டும்தான்..." பாதியில் நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு, பூங்கா திறப்பதற்கு முன்னால், ஐந்து பேரும் வரவேற்புக் கூடத்தில் நிதானத்தின் முன்னால் நின்றார்கள்: மேனேஜர், பெரியக்கா, சின்னக்கா, குடுக்கை, பிறகு இறந்தவரின் மகன். அவன் ஒரு மின்சாரப் பணியாளன். வேலைக்குப் போகிற உடையிலேயே வந்திருந்தான். பெரியக்காவின் பக்கம் அவன் திரும்பவே இல்லை.

"மொதல்ல இந்த மணி" என்றார் நிதானம். "கண்ணாடியோட ஒட்டினது, நகராது. வெயில் படற காகிதம் வெளுக்கும், மணிக்கு அடியில இருக்கற எடம் வெளுக்காது. நேரத் தாளப் பாருங்க. மணி மறைச்ச எடத்துல பாதி வட்டம் பளிச்சுனு இருக்கு. மீதிப் பாதி கார்டுப் பட்டியல்ல இருக்கணும். இருக்கா?"

மகன் குனிந்து பார்த்தான். "இல்ல."

"புதுசா மாத்தினோம் சார்" என்றார் மேனேஜர், கண் இமைக்காமல். "பழசு நைஞ்சு போச்சு. அதே பட்டியல்தான், அதே நாலு கார்டு. அதுல என்ன தப்பு?"

"தப்பே இல்ல. அப்போ பழையதும் இதே நீளம்தான்?"

"இம்மி பிசகாம."

"கண்ணாடியக் கொஞ்சம் தூக்கிப் பாத்துடுவமே."

மேனேஜர் தயங்கினார். மகன் அவர் பக்கத்தில் வந்து நின்றுகொண்டான். வேறு வழியில்லாமல் அவர் கோட்டைக் கழற்றினார். ஒரு பக்கம் மகனும் மேனேஜரும், மறு பக்கம் குடுக்கை. கண்ணாடி மேசை விளிம்போடு சமமாகப் பதிந்திருந்தது, நகம்கூட நுழையவில்லை. குடுக்கை மூச்சைப் பிடித்து நெம்பினாள். கை வழுக்கி, கட்டைவிரல் நசுங்கி, "அம்மா!" என்று கத்திவிட்டாள்.

"அங்க இல்லம்மா!" சின்னக்கா தன்னையறியாமல் ஓரடி முன்னால் வந்தாள். "அடியில வலது மூலையில ஒரு குழி இருக்கு, அதுல விரல விட்டுத் தூக்கு."

குடுக்கை விரலை விட்டாள். கண்ணாடி எழும்பியது. அப்போதுதான் பெரியக்கா மெல்லத் திரும்பிச் சின்னக்காவைப் பார்த்தாள். சின்னக்கா பின்னால் நகர்ந்து சுவரில் சாய்ந்துகொண்டாள்.

நிதானம் பட்டியலை எடுத்தார். அடியில் பச்சைத் துணி. பன்னிரண்டு அங்குலத்துக்கு அது புதுத் துணிபோல அடர்ந்த பச்சை. அதற்கப்புறம், நீல கார்டின் படம் மூடியிருந்த இடத்தில், வெளுத்துப்போன சாம்பல் பச்சை.

"மூணு படம் நீளத்துக்குத்தான் துணிமேல காகிதம் இருந்திருக்கு. நாலாவது எடத்துல இந்தக் கோடை வெயில் முழுக்க நேரா துணிலயே அடிச்சிருக்கு. பெரியக்கா கண்ணுல கோளாறு இல்ல. அவங்க பாத்தது மூணுதான்."

பெரியக்கா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். மகன் அவளை அப்போதுதான் முதல்முறையாக ஏறிட்டுப் பார்த்தான்.

"ஆனா ரெண்டாம் கவுண்டர்ல நாப்பத்தோரு தடவ..." என்று ஆரம்பித்தார் மேனேஜர்.

"அதுக்குத்தான் வர்றேன். நீல கார்டுல வாங்கினா பேங்க் உங்ககிட்ட பிடிக்கற கமிஷன் அதிகம். ஆனா அத வாசல்லேருந்து எடுத்தா பென்ஷன்காரங்க குடும்பத்தோட வர மாட்டாங்க. அதனால வாசல்ல நாலு, உள்ள மூணு. பிள்ளைங்க நீச்சல் வளையத்தோட நிக்கறப்போ எந்தத் தாத்தா திரும்பிப் போவார்? நடந்து போய்ப் பணம் எடுத்துட்டு வருவார். பணத்துக்குக் கமிஷனே கிடையாது. நல்ல கணக்கு சார். ஒருத்தர் விழுந்த பிறகுதான் மூணு கார்டுக் காகிதத்த அவசரமா ஒளிக்க வேண்டி வந்துச்சு. பராமரிப்பு ஆளுங்களக் கூப்பிட்டா ரெண்டு சாட்சி ஆயிடும். கண்ணாடியோட மறுமுனையப் பிடிக்க, வெளிய பேச முடியாத ஒரு ஆள் வேணும்."

மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. "எதுன்னாலும் எங்க வக்கீல்கிட்ட பேசிக்குங்க" என்று கோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். இந்த மாதிரி ஆட்களுக்குப் போவதற்கு எப்போதும் ஓர் உள்ளறை இருக்கிறது, வயிற்றெரிச்சல்தான்.

பெரியக்கா சின்னக்காவின் எதிரில் போய் நின்றாள். "நீயாடி பிடிச்சே?"

"பிடிச்சேன்." சின்னக்கா அழவில்லை, அழுது தீர்த்துவிட்ட குரல். "மூணு மாசமா நான் அந்தப் பட்டியலப் பாக்கவே இல்லக்கா. வயசானவங்க வந்து நீட்டுவாங்க, மனசு கேக்காது. செருகினேன், மெஷின் வாங்குச்சு, நானும் வாங்கினேன். அன்னிக்கு மேனேஜர் அந்தப் பதிவ எடுத்துக் காட்டினார். 'நாப்பத்தோரு தடவ உத்தரவ மீறியிருக்கே. உன்ன இப்பவே அனுப்பவா, இல்ல உத்தரவே இல்லன்னு சொல்றியா'ன்னார். என் வீட்டுக்காரருக்கு வாரம் ரெண்டு தடவ டயாலிசிஸ். இந்த வேலை இருந்தாத்தான் அந்த ஆஸ்பத்திரி. நான் என்னக்கா பண்ணுவேன்?"

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேடி! மெஷின் வாங்குதுன்னு அந்த மூணு மாசத்துல ஒரு நாள் சொல்லியிருந்தா..."

"எப்படிச் சொல்லுவேன்?" சின்னக்கா நிமிர்ந்தாள். "ஒரு தடவ நான் அஞ்சு நிமிஷம் லேட்டா வந்ததக்கூட நீ புக்ல எழுதினியே. நீ விதிய மீற மாட்டே. உனக்குத் தெரிஞ்சா அவர்கிட்ட சொல்லிடுவியோன்னு பயந்தேன்."

பெரியக்கா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அது பொய் என்று சொல்ல அவளால் முடியவில்லை என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரிந்தது.

மகன் தொண்டையைச் செருமினான். "அன்னிக்கு எங்கப்பா உங்க வரிசையில நின்னிருந்தா?" என்று சின்னக்காவைக் கேட்டான்.

"வாங்கியிருப்பேன் தம்பி."

அவன் தலையை ஆட்டினான். பெரியக்காவிடம் வந்து, "உங்கமேல கேஸ் போட மாட்டேம்மா, தப்பு அவங்களோடது" என்றான். குரலில் கோபம் இல்லை, வேறெதுவும்கூட இல்லை. படியிறங்கிப் போய்விட்டான்.

நிதானம் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தார். "உங்க மேல குற்றமில்லன்னு எழுதித் தர்றேம்மா. லேபர் கோர்ட்ல குடுங்க. வேலை திரும்பக் கிடைக்கும்."

பெரியக்கா அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. அவள் தன் நாற்காலியைப் பார்த்தாள், பிறகு அடுத்த நாற்காலியைப் பார்த்தாள். குடுக்கையின் பக்கம் திரும்பினாள்.

"நேத்து எல்லாத்தையும் அளந்தியாமேம்மா. இந்த நாற்காலிக்கும் அதுக்கும் எவ்வளவு தூரம்?"

நோட்டு குடுக்கையின் கையில் திறந்தே இருந்தது. பக்கத்தின் கடைசி வரியில் அவளே இரண்டு முறை அடிக்கோடிட்டு எழுதிய எண்: நாலரை அடி. மாமா அவளைப் பார்த்தார். அவள் நோட்டை மூடிக் கைப்பைக்குள் வைத்தாள்.

"அத அளக்கலக்கா" என்றாள்.