நாலு பத்து ஸ்லாட்

“என்னோட ஒரிஜினல் சர்டிபிகேட்டக் குடுத்துடுங்க சார்.”

இதை மட்டும் வாயைத் திறந்து கேட்டுவிடாதே என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே நர்ஸ் சைனம்பு இலக்கியாவிடம் சொல்லியிருந்தாள். இலக்கியா இன்று கேட்டுவிட்டாள். குமராட்சிப் பக்கம் நடவுக்குப் போகிற குடும்பத்தில் முதன்முதலாய் ஒருத்தி வாங்கிய டிகிரி, ஏழு மாதமாய் டாக்டர் சுப்பிரமணியனின் இரும்பு பீரோவுக்குள் கிடந்தது. கடலூரில் ஒரு கம்பெனி வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை அசலைக் காட்டினால்தான் சேர்த்துக்கொள்வார்கள்.

டாக்டர் கார் சாவியை எடுத்தார். காலையில் இந்தச் சிதம்பரம், மாலையில் கடலூர் என்று அவருக்கு இரண்டு கிளினிக். “ரெண்டுக்கும் அப்பாயின்ட்மென்ட் சிஸ்டத்த முடிச்சிக் குடுத்துட்டுக் கேளும்மா. இங்க நாலு பத்துக்குத் தெனம் யாரோ புக் பண்றாங்க, ஆளு வர்றதில்ல. மொதல்ல அதத் தூக்கு.”

“ரெண்டு மணிக்கு மேல இங்க நான் ஸ்லாட்டே தெறக்கல சார்.”

“அப்ப யாரு தெறந்தா? நானா?”

கார் போய்விட்டது.

திரையில் அந்தப் பதிவு இருந்தது. ரேகா, வயது இருபத்து மூன்று. வருகைக்கான காரணம்: சர்டிபிகேட் வாங்க.

“யாருக்கா இது?”

சைனம்பு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள். “ஒனக்கு முன்னாடி இந்த சேர்ல இருந்த பொண்ணு. ஸ்ரீமுஷ்ணத்துலேர்ந்து வரும். வேலைய விட்டப்பறமும் நாயா அலையவுட்டாரு. போன மழையில, நாலு மணிக்கு மேல இங்க வந்து வாங்கிக்க, அன்னிக்கி இருப்பேன்னாரு. வர்ற வழியில மினிபஸ் வாய்க்கால்ல கவுந்துடுச்சி.” குடையை எடுத்தாள். “நீயும் கெளம்புடி. சிஸ்டத்த நாளைக்கு வந்து திட்டிக்கலாம்.”

“நாளைக்கும் இதையேதான் சொல்லுவாரு. நீங்க போங்கக்கா.”

அழித்தாள். திரும்ப வந்தது. மறுபடி அழித்து, அந்த நேரத்தையே பூட்டி, பாஸ்வேர்டையும் மாற்றிப் பல்லைக் கடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருக்க, வெளியே ஐப்பசி மழை கட்டி நான்கு மணிக்கே வெளிச்சம் வடிந்து, டெட்டால் நெடியை வாய்க்கால் சேற்றின் வாடை கொஞ்சம் கொஞ்சமாய்த் தின்றுகொண்டு வந்தது. எங்கோ தண்ணீர் சொட்டியது. ஒழுகித் தொலைக்கிறது என்று எரிச்சலோடு அண்ணாந்தாள். கூரை காய்ந்திருந்தது.

நான்கு பத்து.

டோக்கன் கூப்பிடும் ஸ்பீக்கர் கரகரத்தது. “ரேகா.”

அவள் எதையும் அழுத்தவில்லை.

காத்திருப்போர் வரிசையில் ஓர் இரும்பு நாற்காலி கிறீச்சிட்டது. யாரும் இல்லை. இருக்கை மட்டும் நனைந்திருந்தது. விளிம்பிலிருந்து சேற்றுத் தண்ணீர். சொட்டு. சொட்டு.

திரையில் புதிதாய் ஒரு வரி. நான்கு இருபது. இலக்கியா, வயது இருபத்திரண்டு. சர்டிபிகேட் வாங்க.

மறுபடி கிறீச். ஈரம் ஓர் இருக்கை தள்ளிப் போனது. பஸ்ஸில் நகர்ந்து இடம் விடுவதுபோல. பக்கத்தில் காய்ந்த இடம். ஒருத்திக்கு.

பீரோ எட்டடி தூரத்தில் பூட்டிக் கிடந்தது. செத்த பிறகும் வரிசையில் உட்கார்ந்து கேட்க வேண்டுமா?

“நான் ஒக்கார மாட்டேன்.” எழுந்தாள். “அவரே வச்சிக்கட்டும்.”

கிளினிக் சாவியை மேசையில் போட்டாள். வாசலுக்கு அந்த வரிசையைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டினாள். துப்பட்டா பின்னாலிருந்து இழுபட்டது.

திரும்பவில்லை. அதைக் கழுத்திலிருந்து உருவி விட்டாள். கண்ணாடிக் கதவைத் தள்ளி மழைக்குள் இறங்கும்போது அந்தக் கண்ணாடியில் தெரிந்தது.

துப்பட்டா கீழே விழவில்லை.